சுலைகாவுக்குக் கோபம் வரும்

செய்தி இந்தியில் வந்தது. பம்பாயில் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே, வாழைப்பூவும் கறிவேப்பிலையும் விற்கும் சந்தில் நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். போனில் சுலைகாவின் மகள் ரெஜினா. "ஆன்ட்டி, உம்மா நஹீ ரஹீ," என்றாள். உம்மா இல்லையாம். காய்க்காரர் "வேற என்ன மாமி?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அவள் வீடு இருந்த சீத்தா கேம்ப் போய்ச் சேர்ந்தபோது சந்து முனை வரை செருப்புகள் கிடந்தன. பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்கள். அங்கே இருந்த இரண்டு மணி நேரமும் ஒரே பேச்சுதான். "யாரையும் ஒரு வார்த்த கடிஞ்சு பேச மாட்டாக." "அப்படி ஒரு பொறுமை." "வீட்ல இருக்காகளா இல்லையான்னே தெரியாது." நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகுதான் உறைத்தது. இவர்கள் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்?

சுலைகாவுக்குக் கோபம் வரும். செம்பூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் பதினெட்டு வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை பார்த்தோம். பெரிய டாக்டர் மேல் அவளுக்குக் கோபம் வந்து பார்த்திருக்கிறேன். பட்டறை முதலாளிகள் மேல், ஜமாத்துப் பெரியவர்கள் மேல், என் மேல் வந்ததையும் பார்த்திருக்கிறேன். வந்த கோபம் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. இப்போது அதைத் துடைத்தெடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் நல்லடக்கம் செய்யப் பார்க்கிறார்கள். தமிழ்ச் சங்கத்து மலருக்கு நினைவஞ்சலி கேட்டபோது ஆசிரியர்கூட "நாலு நல்ல வார்த்தை எழுதுங்க" என்றுதான் சொன்னார். நல்ல வார்த்தை என்னிடம் இருக்கிறது. ஆனால் அவளை அறிந்தவர்களுக்கு அவள் எதற்குக் கோபப்பட்டாள் என்பதும் தெரிய வேண்டும். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரோபோல இருந்தது. 'அவள்' என்றே எழுதுகிறேன்.

அவள் எங்கள் ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குழாய் கழுவத்தான் வந்தாள். வந்த இரண்டாம் வாரம், கழுவப் போட்ட குழாய்களில் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றாள். "மேடம், இந்த ரெண்டு பேருக்கும் ரிப்போர்ட்டு போயிட்டா?" போய்விட்டது என்றேன். "அப்பம் ஒருத்திக்கு அடுத்தவ வியாதிய எழுதிட்டிய. இது மஞ்சச் சேலக்காரம்மா ரத்தம், நான்தான் நர்ஸுக்குக் குழாய எடுத்துக் குடுத்தேன். பேரு மாறிக் கெடக்கு." அவள் சொன்னது சரியாக இருந்தது. இரண்டு பெண்களையும் திரும்ப வரவழைத்தோம். நன்றி சொன்ன என்னிடம் அவள் சொன்னது இதுதான்: "நன்றியெல்லாம் இருக்கட்டும். கழுவுதவளுக்குத் தெரியுது, எழுதுதவுகளுக்குத் தெரியலயே." அதன் பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து, சான்றிதழ் வாங்கி, டெக்னீஷியனாகி என் பக்கத்து மேசைக்கு வந்தாள்.

அவள் கணவர் பீர் முகமது. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், தாராவியில் ஒரு பட்டறையில் வேலை. நகைக்கடைகளிலும் நகை செய்யும் இடங்களிலும் தரையைக் கூட்டினால் வரும் தூசியைப் பட்டறைக்காரர்கள் மூட்டையாக வாங்குவார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள் இருக்கும். தூசியைக் கழுவி, பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால் தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த உருண்டையை அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் மிஞ்சும். பாதரசத்துக்கு அங்கே 'பாரா' என்று பெயர். பட்டறை முதலாளி இஸ்மாயில், பீர் முகமதுவின் சாச்சா மகன், சித்தப்பா பிள்ளை. கீழே அடுப்பு, மேலே ஏணி வைத்து ஏறும் பலகைத் தட்டு. அந்தத் தட்டில்தான் சுலைகா குடும்பம் பதினோரு வருடம் குடியிருந்தது. வாடகை இல்லாத வீடு என்று உறவுக்காரர்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள்.

ஒரு நாள் மதியம் அவள் ஒரு சீட்டை என் முன்னால் வைத்தாள். எங்கள் மருத்துவமனையின் சீட்டுதான். பீர் முகமதுவுக்குக் கை நடுக்கம், அசதி, ஈறு வீக்கம், தூக்கமின்மை. கீழே பெரிய டாக்டரின் கையெழுத்து. "இந்தக் கடைசி வரிய மட்டும் படிச்சுச் சொல்லுங்க மேடம். நான் தப்பாப் படிச்சிருக்கலாம்."

மதுப்பழக்கம், நிறுத்த அறிவுறுத்தப்பட்டது என்று இருந்தது.

பீர் முகமதுவை எனக்குத் தெரியும். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். தேநீரைக்கூட ஆறவைத்துக் குடிப்பவர். சுலைகா சீட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குள் போனாள். நோயாளி உள்ளே உட்கார்ந்திருந்தார், அதையும் அவள் பார்க்கவில்லை. நான் கதவருகே நின்று கேட்டேன்.

"அவுக குடிச்சாகன்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

டாக்டர் இந்தியில், அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், மனைவியிடம் சொல்ல மாட்டார்கள் என்றார்.

"மோந்து பாத்தியளா? ரத்தம் எடுத்தியளா? ரத்தம் எடுக்குதவ நான்தான, எங்கிட்ட வரலயே. தாராவின்னு அட்ரஸப் பாத்து எழுதினியளா?" தமிழில் தொடங்கி பம்பாய் இந்திக்கு மாறினாள், குரல் மட்டும் மாறவே இல்லை. டாக்டர் வரியை அடித்துத் திருத்தவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அன்றைக்கு அவளை அறையிலிருந்து கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தது நான்தான். "எல்லாரும் பார்க்கறா, வாங்கோ" என்றேன். எல்லோரும் பார்ப்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

என் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். "கை நடுங்குததுக்கு வேற என்னென்ன காரணம் இருக்கும்? ஒண்ணு விடாம சொல்லுங்க." நான் பரீட்சையில் எழுதுவதுபோல வரிசையாகச் சொன்னேன். தைராய்டு. நரம்பு. சில மருந்துகள். பிறகு, பாதரசம்.

"பாரா?" என்றாள்.

பதினோரு வருடம் அடுப்புக்கு மேலே தூங்கியதை அப்போதுதான் எனக்கு முழுதாகச் சொன்னாள். இதை எழுதும்போது எனக்கு வரும் கோபம் டாக்டர் மேல் மட்டும் இல்லை. உயிர்வேதியியல் படித்தவள் நான். உயிரணுக்களுக்குள் சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுகிற நொதிகளைப் பாதரசம் எப்படி முடக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பு வாங்கியவள். அந்த நொதிகளில் கந்தகம் உள்ள முனைகள் உண்டு, அவைதான் அவற்றின் கை விரல்கள். பாதரசம் போய் அந்தக் கந்தகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை பாதி எரிந்து பைருவேட் என்ற நிலைக்கு வரும். அதை மேற்கொண்டு உள்ளே எடுத்துப் போய் எரிக்க வேண்டிய நொதியிடம் லிப்போயிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு கந்தகம். பாதரசமும் ஆர்செனிக்கும் அதைப் பிடித்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். மூளைக்கும் நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும்தான் சக்தி அதிகம் வேண்டும், அவைதான் முதலில் தள்ளாடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். பக்கத்து மேசைப் பெண்ணின் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று மட்டும் நான் கேட்டதில்லை.

பீர் முகமதுவை அந்த வேலையிலிருந்து விலக்க அவள் பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டாள். இஸ்மாயில் சிரித்தாராம். "நானும் இருவது வருஷமா இதே பொகையிலதான் நிக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே?" அடுத்த மாதம், ஒரு காலை நேரத்தில், தட்டிலிருந்து இறங்கும்போது பீர் முகமதுவின் கை ஏணிப்படியைப் பிடிக்கவில்லை. தலை கல் தரையில் பட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் அக்கம்பக்கத்தில் கேட்ட முதல் கேள்வி, குடிப்பாரா என்பது. யாரோ ஒருவர், மருத்துவமனைச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். ஜனாஸா அடக்கத்துக்கு வந்த பெரியவர்களில் இரண்டு பேர் தங்களுக்குள் அதை முணுமுணுத்ததைச் சுலைகா கேட்டிருக்கிறாள். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இத்தா இருந்த நான்கு மாதமும் அது அவள் காதில் இருந்திருக்கிறது. தட்டை விட்டு இறங்கி, தாராவியிலேயே வேறு அறை பார்த்துக்கொண்டு, திரும்பி வேலைக்கு வந்த அன்று என்னிடம் சொன்னாள்: "செத்ததுகூட சரி மேடம். அல்லா எழுதினது. குடிகாரன்னு எழுதினது யாரு?"

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பட்டறைகளில் வேலை செய்கிறவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் தெரிந்தவர் ஒருவரின் மாடி அறையில் கூட்டினாள். பதினைந்து பேர் வந்திருப்பார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம் ஆட்கள் பாதி, பீகார்க்காரர்கள் பாதி. என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். நான் பேசப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன், நொதி, மைட்டோகாண்ட்ரியா என்று குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். "அத மடிச்சு வையுங்க" என்றாள். ஒரு தூக்குச்சட்டியில் அரிசிக் கஞ்சி வைத்திருந்தாள், தெளிந்த நீர். இரண்டு குழாய்களில் ஊற்றினாள். ஆய்வகத்து அலமாரியில் கிடந்த பழைய பாதரச உப்புச் சீசாவையும் கொண்டுவந்திருந்தாள். அதில் துளியூண்டு கரைத்து ஒரு குழாயில் மட்டும் விட்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாராவது ஒருத்தர் எச்சியத் துப்புங்க" என்றாள்.

சிரிப்பு எழுந்தது. மாரியப்பன் என்ற முரட்டு ஆள் ஒருவர் எழுந்து வந்து ஒரு கிண்ணத்தில் துப்பினார். அதை இரண்டு குழாயிலும் சமமாக விட்டு, உள்ளங்கைச் சூட்டில் பொத்திப் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள்.

"சோறு வாயில போட்டா மென்னு முடிக்கதுக்குள்ள இனிக்குல்லா? எச்சி அத ஒடைக்குது, அதான். எச்சிக்குள்ள ஒரு வேலக்காரன் இருக்கான். இவன மாதிரி ஒடம்பு பூரா ஆயிரம் பேரு இருக்கான். ஒருத்தன் ஒடைப்பான், ஒருத்தன் எரிப்பான், ஒருத்தன் அந்தச் சூட்ட எடுத்துக் கை காலுக்குக் குடுப்பான். இப்பம் பாருங்க."

இரண்டிலும் அயோடின் சொட்டினாள். முதல் குழாய் வெறும் மஞ்சளாக நின்றது. கஞ்சி செரித்துவிட்டது. பாதரசம் விட்ட குழாய் கருநீலமாக மாறியது. கஞ்சி அப்படியே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மாரியப்பன் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என் எச்சிதான?"

"ரெண்டும் ஒங்க எச்சிதான்."

"இது கொழாய்க்குள்ள நடக்கு. எனக்குள்ளயும் நடக்கும்னு என்ன நிச்சயம்?"

"பாரா தங்கத்த எப்படிப் பிடிக்குன்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா? தூசிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தங்கத்தயே தேடிப் பிடிக்கில்லா? அதே பிடிதான். ஒங்களுக்குள்ள தங்கம் இல்ல, கந்தகம் இருக்கு. மூச்சுல போன பாரா அதப் பிடிச்சுக்கிடுது. அடுப்பு இருக்கு, கேஸ் இருக்கு, பர்னர் ஓட்டைய அடச்சிட்டா என்ன எரியும்? நீங்க நல்லாத்தான் திங்கிய. ஒடம்புக்குப் போய்ச் சேரல. அதான் அசதி. அதான் நடுக்கம். சோம்பேறித்தனமும் இல்ல, சாராயமும் இல்ல."

பின்வரிசையில் இருந்த ஒருவர் தன் கையை மடியிலிருந்து எடுத்து எல்லோரும் பார்க்க நீட்டினார். விரல்கள் ஆடின. பிறகு இன்னொருவர். ஐந்து கைகளை நான் பார்த்தேன். அதுவரை ஒவ்வொருவரும் அதை மற்றவர்களிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள், குடிகாரன் என்று சொல்லிவிடுவார்களே என்று.

பன்னிரண்டு பேர் சிறுநீர் கொடுக்கச் சம்மதித்தார்கள். பாதரசத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. வெளியே ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், அதற்கு ஆய்வகப் பொறுப்பாளரான என் கடிதம் வேண்டும். சுலைகா பாட்டில்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, அவளே ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி, பெயர் ஒட்டி, குளிர்பெட்டியில் அடுக்கிவைத்தாள்.

மறுநாள் அறக்கட்டளையின் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். தேநீர் கொடுத்தார். மருத்துவமனையின் புதிய கட்டடத்துக்கு உதவுகிறவர்களில் நகை வியாபாரிகள் பலர் என்றார். இது தொழிற்சாலைத் துறையின் வேலை, நமக்கு எதற்கு என்றார். "நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்" என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டு எழுந்து வந்து, சுலைகா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பன்னிரண்டு பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் கொட்டினேன். இதை இதுவரை நான் யாருக்கும் எழுத்தில் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன், ஏனென்றால் அவளைப் பற்றிப் புகழ்ந்து எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் நானும் அந்த அறையில் உட்கார்ந்து "அப்படி ஒரு பொறுமை" என்று சொன்னவர்களில் ஒருத்தியாகிவிடுவேன்.

அவள் வந்து பார்த்தாள். காலிப் பாட்டில்கள் தொட்டி ஓரத்தில் இருந்தன.

"என்ன செஞ்சிய?"

"செக்ரட்டரி வேண்டாம்ன்னுட்டார், சுலைகா. நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும். எனக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறா."

"எனக்கும் பொண்ணு இருக்கு."

"நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்கோ?"

பதினெட்டு வருடத்தில் அந்த ஒரு முறைதான் என்னைப் பெயர் சொல்லி அழைத்தாள். "விஜயா, அந்த டாக்டர் தெரியாம எழுதினான். நீ தெரிஞ்சே ஊத்திட்ட." பிறகு அந்தப் பாட்டில்களை எடுத்துக் கழுவத் தொடங்கினாள், குழாய் கழுவ வந்த நாளில் கழுவியதுபோல.

பதினோரு மாதம் வேலைக்கு வேண்டிய வார்த்தை தவிர என்னோடு பேசவில்லை. அந்த மாதங்களில் அவள் என்ன செய்தாள் என்பதைப் பிறகு மாரியப்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விடுமுறை நாட்களில் ஒவ்வொரு கல்லூரியாக ஏறி இறங்கியிருக்கிறாள். வேதியியல் துறையில் ஒரு பேராசிரியை, அவரும் பெயர் வெளியே வரக் கூடாது என்ற நிபந்தனையோடு, அளந்து தர ஒத்துக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு பேரில் மூன்று பேர் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். மற்ற ஒன்பது பேரிடமும் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஒன்பதிலும் இருந்தது, இருக்கவே கூடாத அளவுக்கு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அரசு அலுவலகத்துக்கு நடந்தாள். இந்த மேசை, அந்த மேசை, நாளை வா, மராட்டியில் எழுதிக் கொண்டு வா. ரெஜினாவை விட்டு மராட்டியில் எழுதவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு நாள் அதிகாரிகள் வந்து இஸ்மாயிலின் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் நகரத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில் அதே அடுப்பு திரும்ப எரிந்தது. வேலை போனவர்களில் சிலர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? நான்கு பேருக்கு மட்டும், மாரியப்பனையும் சேர்த்து, சுலைகா ஓர் அரசு மருத்துவமனையில் முறையான சிகிச்சை வாங்கிக் கொடுத்தாள். உடலிலிருந்து பாதரசத்தைப் பிடித்து வெளியே கொண்டுவரும் மருந்து. அந்த மருந்திலும் கந்தகம்தான் இருக்கிறது. மாரியப்பன் இப்போது காட்கோபரில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறார். கை நடுக்கம் முழுதாக நிற்கவில்லை, ஆனால் பொட்டலம் கட்டுகிறார்.

சொந்தக்காரன் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்று தாராவியில் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். கல்யாணங்களுக்குக் கூப்பிடவில்லை. அதனால்தான் வீட்டை மாற்றிக்கொண்டு சீத்தா கேம்ப் போனாள். அவள் இறந்த அன்று வாசலில் கிடந்த செருப்புகளில் அப்போது பேச்சை நிறுத்தியவர்களுடையவையும் இருந்தன. எனக்குத் தெரியும்.

என்னோடு அவள் திரும்பப் பேசியது ஒரு துண்டுத்தாளில் ஆரம்பித்தது. பட்டறை ஆட்களுக்குக் கொடுக்கத் தமிழில் நான்கு வரி எழுதியிருந்தாள். மூடிய அறையில் சுடாதே, வேலைத் துணியோடு வீட்டுக்குப் போகாதே, பிள்ளைகளை அருகில் விடாதே, இப்படி. "பிழை இருந்தாத் திருத்துங்க" என்று என் மேசையில் வைத்தாள். நான் ஒரு இடத்தில் 'வேலைக்காரன்' என்பதை அடித்து 'நொதி' என்று எழுதினேன். பார்த்துவிட்டுத் திரும்ப அடித்தாள். "நொதின்னா எவனுக்குத் தெரியும்? ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன ஆச்சு?" சொல்லும்போது சிரித்தாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. பரிசோதனையை நானே செய்தேன், சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருந்தது. பாதரசம் முதலில் போய்த் தங்கும் இடங்களில் சிறுநீரகம் ஒன்று. நான் அவளிடம், பாதரசத்தையும் அளந்து பார்த்துவிடலாம் என்றேன். இந்த முறை கடிதம் எழுத என் கை தயாராக இருந்தது.

"இனி அளந்து என்ன மேடம் தெரியும்? தட்ட விட்டு எறங்கி எத்தன வருஷம் ஆச்சு? அது எப்பமோ போயிருக்கும். செஞ்சத மட்டும் வச்சிட்டுப் போயிருக்கும்."

அறிவியல் அவள் பக்கம்தான் இருந்தது. வந்து சேரும் பாதரசம் சில மாதங்களில் பெரும்பாலும் உடலை விட்டு வெளியேறிவிடும். சேதம் இருக்கும், சாட்சி இருக்காது. அதனால் பாதரசம்தான் சுலைகாவைக் கொன்றது என்று என்னால் எழுத முடியாது. நிரூபிக்க முடியாததை எழுதக் கூடாது என்று அவளே சொல்வாள். ஆனால் அவள் பதினோரு வருடம் எதற்கு மேலே தூங்கினாள் என்று கடைசி வரை அவளைப் பார்த்த எந்த டாக்டரும் கேட்கவில்லை. இதை என்னால் எழுத முடியும். கோப்பு முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். வயது இருக்கிறது, எடை இருக்கிறது, மதம்கூட இருக்கிறது. அவள் கணவருடைய தொழில் பற்றி ஒரு சொல் இல்லை. இறப்புச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று போட்டிருக்கிறார்கள். எதனால் என்ற இடம் காலி.

ரெஜினாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்தக் கட்டுரையை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். பாட்டில்களைக் கொட்டிய பகுதியை விட்டுவிடாமல் படியுங்கள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். ரத்தம் எடுக்க வருகிறவர்களின் கையில் ரப்பர் நாடாவைக் கட்டும்போதே அவள் கேட்டுவிடுவாள்: "என்ன வேல பாக்கிய?" எங்கள் படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பாள். சாயப்பட்டறை. பாட்டரி உடைப்பு. வெல்டிங். சேலைக்குக் கல் ஒட்டுதல். "வேலயக் கேக்காம வியாதியக் கேட்டா பாதிதான் கெடைக்கும்" என்பாள்.

போன வாரம் ஒருவர் வந்தார். சீட்டில் 'பலவீனம், பொதுப் பரிசோதனை' என்று இருந்தது. நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டேன். கஞ்சூர்மார்க் பக்கம் ஒரு குடோன் என்றார். அங்கே என்ன வேலை என்றேன். பழைய டியூப் லைட்டுகளை உடைத்துக் கண்ணாடி தனி, தகடு தனி என்று பிரிக்கும் வேலையாம். டியூப் லைட்டுக்குள் பாதரச ஆவி இருக்கும். நாள் முழுக்க உடைத்துக்கொண்டிருக்கிறார். ஜன்னல் உண்டா என்று கேட்டேன். சிரித்தார்.

"கையை நீட்டுங்க, பார்க்கலாம்," என்றேன்.

வெட்கத்தோடு நீட்டினார். நீட்டும்போதே அவசரமாகச் சொன்னார்: "நான் குடிக்க மாட்டேன் மேடம்."

"தெரியும்," என்றேன். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. புதிதாக வந்திருக்கும் இளைய டாக்டர் எட்டிப் பார்த்து, "மேடம், சீட்டில் இருப்பதை மட்டும் எடுங்களேன், நேரமாகிறது," என்றார். எனக்குக் கோபம் வந்தது. எல்லோரும் பார்க்கும்படியாகவே வந்தது. அவரை உள்ளே வரச்சொல்லி, அந்த மனிதருக்கு எதிரில் உட்காரவைத்தேன்.

"முதல்ல இவர் என்ன வேலை பண்றார்ன்னு கேளுங்கோ, டாக்டர்," என்றேன். "கேட்டுட்டு எழுதுங்கோ."